துப்பாக்கியின் விலையும் மேகசினின் விலையும்

பிரிட்டிஷ் கடற்படையின் கமாண்டோ வீரர்களுக்கும் தரைப்படையின் ரேஞ்சர் பிரிவினருக்கும் புதிய துப்பாக்கி வாங்குவதென அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் 2023-ஆம் ஆண்டு முடிவெடுத்தது. பத்தாண்டுகளில் 10,000 துப்பாக்கிகள் வரை வாங்கலாம், அதற்கு 9 கோடி பவுண்டு வரை செலவாகலாம் என்பது ஒப்பந்தத்தின் அளவு. ஏனைய படையினருக்கான மாற்றுத் துப்பாக்கியைத் தேடும் 'கிரேபர்ன்' என்னும் திட்டமும் நடைபெற்று வருகிறது. நாற்பது ஆண்டுகளாக அந்நாட்டுச் சிப்பாயின் கையில் இருந்துவரும் எஸ்.ஏ.80 என்னும் 'புல்பப்' வகைத் துப்பாக்கி மெல்ல விடைபெறுகிறது.

பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவனுக்குத் துப்பாக்கியில் என்ன அக்கறை என்று வாசகர்கள் வினவலாம். நான் துப்பாக்கி ஏந்திப் பழகியவன் அல்லன். ஆனால் அரசு என்னும் வாங்குபவர் எப்படி வாங்குகிறார், எங்கே ஏமாறுகிறார் என்பது என் பாடத்தின் ஒரு பகுதி. விலையுயர்ந்த ஒரு பொருளின் பயன், அதனோடு பொருந்தும் மலிவான வேறொரு பொருளைச் சார்ந்திருக்கும்போது என்ன நேர்கிறது என்பதற்கு எஸ்.ஏ.80 துப்பாக்கியின் வரலாற்றை விடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. அந்த மலிவான பொருள், தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி. அதைப் படையினர் மேகசின் என்கின்றனர். கிடங்கு என்னும் பொருள்கொண்ட அரபுச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. வார, மாத இதழ்களுக்கும் அதே பெயர் வாய்த்தது வேறு கதை.

புல்பப் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வழக்கமான துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும் அறையும் மேகசினும் விசைக்கு முன்னால் இருக்கும். தோளில் ஊன்றும் பின்கட்டை வெறும் தாங்கியாகவே இருக்கும். புல்பப்பில் அந்த வெடிப்பறையையும் மேகசினையும் விசைக்குப் பின்னால், பின்கட்டைக்குள்ளேயே தள்ளிவிடுகிறார்கள். குழலின் நீளம் குறையாமலே துப்பாக்கியின் மொத்த நீளம் குறைகிறது. பிரிட்டனின் எல்85 துப்பாக்கியின் மொத்த நீளம் 785 மில்லிமீட்டர். ஏறக்குறைய அதே நீளக் குழலைக் கொண்ட அமெரிக்க எம்16 துப்பாக்கி ஒரு மீட்டர் நீளம். கவச வண்டியின் சிறு கதவு வழியே இறங்கி ஓடவேண்டிய சிப்பாய்க்கு அந்த ஒரு சாண் பெரிய வேறுபாடுதான்.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. வெற்றுத் தோட்டாக்கூடு தெறிக்கும் துளை கன்னத்தருகே வந்துவிடுவதால் எல்85-ஐ வலத் தோளில் வைத்துத்தான் சுட முடியும். மேகசின் அக்குளுக்கு அருகே போய்விடுகிறது. அதை மாற்றும்போது சிப்பாயின் கண்ணுக்கு அது எளிதில் தென்படாது. தடவித்தான் செருக வேண்டும். அதனால் மேகசின் தடையின்றி நுழைகிறதா, உறுதியாகப் பூட்டிக்கொள்கிறதா, வேண்டியபோது உடனே வெளிவருகிறதா என்பவை வழக்கமான துப்பாக்கியை விடப் புல்பப்பில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. புல்பப் துப்பாக்கியை வாங்க முற்படுவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். நடைமுறையில் இது கடைசியாகவே கேட்கப்பட்டது.

பிரிட்டனுக்குப் புல்பப் மீது பழைய காதல் இருந்தது. 1951-இல் தொழிற்கட்சி அரசு இ.எம்.2 என்ற புல்பப் துப்பாக்கியைப் படைக்கு ஏற்றுக்கொண்டது. அதற்கென்றே சற்றுச் சிறிய புதிய தோட்டாவும் உருவாக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் சர்ச்சில் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். நேட்டோ நாடுகள் அனைத்துக்கும் ஒரே தோட்டா வேண்டும், அது 7.62 மில்லிமீட்டர் அளவில் இருக்கவேண்டும் என்பது அமெரிக்காவின் நிலைப்பாடு. சர்ச்சில் அதற்கு இணங்கினார், இ.எம்.2 கைவிடப்பட்டது. பெல்ஜியத்தின் வடிவமைப்பில் அமைந்த நீண்ட துப்பாக்கியைப் பிரிட்டன் ஏற்றது. பின்னர் அமெரிக்காவே சிறிய தோட்டாவுக்கு மாறியது. 1980-இல் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவை நேட்டோவும் பொதுவாக்கியபோது, பிரிட்டன் தன் பழைய புல்பப் கனவை மறுபடியும் கையில் எடுத்தது. அதன் விளைவே 1985-இல் படைக்கு வந்த எஸ்.ஏ.80.

வந்த காலம்தான் சரியில்லை. என்ஃபீல்டில் இருந்த அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை உள்ளிட்ட ராயல் ஆர்ட்னன்ஸ் நிறுவனத்தைத் தாட்சர் அரசு விற்பனைக்குத் தயார்செய்துகொண்டிருந்தது. 1987-இல் அது சுமார் 19 கோடி பவுண்டுக்கு பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்திடம் போனது. 1988-இல் என்ஃபீல்டு மூடப்பட்டு உற்பத்தி நாட்டிங்ஹாமுக்கு மாற்றப்பட்டது. தங்கள் தொழிற்சாலை மூடப்படப் போகிறது என்று அறிந்த தொழிலாளர்களின் கையில் ஒரு புதிய துப்பாக்கியின் உற்பத்தி ஒப்படைக்கப்பட்டது. எல்லாக் குறைகளுக்கும் தனியார்மயத்தையே காரணம் காட்டுவோர் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். குறைகளில் பல வடிவமைப்பிலேயே இருந்தவை. ஆயினும் குறைகளைக் கண்டு உடனுக்குடன் திருத்த ஒரு தொழிற்சாலைக்கு நிலைத்த எதிர்காலம் தேவை. அது இல்லாதபோது குறைகள் சிப்பாயின் கைக்கே போய்ச் சேர்கின்றன.

1991-இல் வளைகுடாப் போர். பாலைவன மணல் துப்பாக்கியின் உட்புறம் புகுந்தது, துப்பாக்கி அடைத்துக்கொண்டது. பூச்சிகளை விரட்டப் பூசும் திரவம் பட்டால் நெகிழிப் பாகங்கள் கரைந்தன. இவற்றைவிட வியப்பளிப்பது வேறொன்று. துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே தொங்கவிட்டு நடந்தால், இடப்பக்கமிருந்த மேகசின் விடுவிப்பு விசை சிப்பாயின் உடைமீதோ பட்டைமீதோ உரசித் தானே அழுந்தியது. மேகசின் கழன்று மணலில் விழுந்தது. சுட வேண்டிய நேரத்தில்தான் அது இல்லை என்பது தெரியும். பிற்காலத்தில் அந்த விசையைச் சுற்றிச் சிறு வேலி போன்ற ஒரு விளிம்பை வைத்து இதைச் சரிசெய்தார்கள். அச்சிறு விளிம்பை முதலிலேயே வைப்பதற்கு எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவைப்பட்டிருக்காது. போர்க்களத்தில் துப்பாக்கியின் மீது வீரர்கள் நம்பிக்கை இழந்ததைப் பதிவுசெய்த படையின் உள் அறிக்கை 1992-இல் வெளியே கசிந்தபோதுதான் செய்தி பொதுமக்களை எட்டியது.

மேகசினைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பார்ப்பதற்கு அது ஒரு தகரப் பெட்டிதான். அதனுள் நீண்ட சுருள்வில், அதன் மீது தோட்டாக்களை மேலே தள்ளும் ஒரு தட்டு, அடியில் ஒரு மூடி. பெட்டியின் மேல் விளிம்பு இருபுறமும் உள்நோக்கி மடிந்து உதடுகள்போல் தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி ஒருமுறை வெடித்ததும் பின்னே போய் மீண்டும் முன்னே வரும் உருக்குப் பகுதி, அந்த உதடுகளுக்கு இடையிலிருந்து ஒரே ஒரு தோட்டாவை உரசித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். இது ஒரு நொடியின் சிறு பின்னத்தில் நடக்கிறது. அதற்குள் அடுத்த தோட்டா சரியான உயரத்துக்கு எழும்பியிருக்க வேண்டும். சுருள்வில் தளர்ந்தால் தோட்டா மேலே வரத் தாமதமாகும். உதடுகள் அகன்றால் இரண்டு தோட்டாக்கள் ஒருசேரக் கிளம்பும். நெருங்கினால் ஒன்றும் கிளம்பாது. மேகசின் கான்கிரீட் தரையில் ஒருமுறை தலைகீழாக விழுந்தால் போதும், கண்ணால் காணமுடியாத அளவு உதடு வளைந்துவிடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 5.56 தோட்டா அடியிலிருந்து நுனிநோக்கிச் சற்றே குறுகும் வடிவம் கொண்டது. இத்தகைய தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு இயல்பாகவே வளையும். இருபது தோட்டாக்கள் வரை வளைவு பெரிதாகத் தெரியாது. முப்பது என்றால் தெரியும். எம்16 துப்பாக்கியை வடிவமைத்தவர்கள் இருபது தோட்டா மேகசினை மனத்தில் கொண்டு அதைச் செருகும் குழியை நேராக அமைத்துவிட்டார்கள். பிறகு முப்பது தோட்டா வேண்டும் என்றபோது குழியை மாற்ற முடியவில்லை. ஆகவே மேகசினின் மேற்பகுதி நேராகவும் கீழ்ப்பகுதி வளைந்தும் அமைந்தது. தோட்டாக்களைத் தள்ளும் தட்டு அந்த வளைவைக் கடந்து நேர்ப்பகுதிக்குள் ஏறும்போது சாயும், சாய்ந்தால் சிக்கும். அந்தத் தட்டின் சாய்வைக் குறைப்பதற்காகவே அமெரிக்கத் தரைப்படை பலமுறை அதன் வடிவத்தை மாற்றியது. 2010-ஐ ஒட்டி வழங்கப்பட்ட, மண்ணிறத் தட்டு கொண்ட மேகசின் அவ்வரிசையில் ஒன்று. மேகசினால் ஏற்படும் தடைகள் பாதிக்கும் மேல் குறையும் என்று அப்படை அப்போது அறிவித்தது. அறுபதுகளில் எடுத்த ஒரு சிறு முடிவின் செலவை ஐம்பது ஆண்டுகள் கழித்தும் செலுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் சிரிப்பார்கள். பொருளியலில் இதற்குப் 'பாதைச் சார்பு' என்று பெயர்.

மேகசினின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2007-இல் அமெரிக்கத் தரைப்படை அபர்டீன் சோதனைக்களத்தில் நான்கு வகைத் துப்பாக்கிகளைக் கடும் புழுதியில் வைத்துச் சோதித்தது. ஒவ்வொரு வகையிலும் பத்துத் துப்பாக்கிகள், வகைக்கு 60,000 தோட்டாக்கள். அப்போது படையினர் கையிலிருந்த எம்4 துப்பாக்கி 882 முறை தடைப்பட்டது. அதாவது சராசரியாக 68 தோட்டாக்களுக்கு ஒருமுறை. இத்தடைகளில் 239 மேகசினால் நேர்ந்தவை. நான்கில் ஒரு பங்குக்கும் மேல்! எம்4 புல்பப் அன்று. ஆனால் அது பயன்படுத்துவதும் எஸ்.ஏ.80 பயன்படுத்துவதும் ஒரே அளவு மேகசின்தான். தடைகளைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் துப்பாக்கியின் பெயரைச் சொல்லியே பேசினார்கள். மேகசினுக்குத் தலைப்புச் செய்தியில் இடமில்லை.

பொருளியலில் 'நிரப்புப் பண்டங்கள்' என்று கற்பிப்போம். பேனாவும் மையும் போல, ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பயனில்லை. மைக்கேல் கிரெமர் 1993-இல் எழுதிய ஒரு கட்டுரை இதை மேலும் ஒரு படி கொண்டுசென்றது. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததற்குக் காரணமான ரப்பர் வளையத்தின் பெயரையே அவர் தம் கோட்பாட்டுக்குச் சூட்டினார். பல படிகள் கொண்ட ஒரு செயலில் அவற்றின் தரங்கள் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. ஒரு படியின் தரம் சுழியானால் முழுமையும் சுழி. எனவே ஒரு படியில் உயர்ந்த தரத்துக்குப் பணம் செலவிட்டவர், மலிவான மற்றப் படிகளிலும் அதே தரத்தை வற்புறுத்துவதுதான் பகுத்தறிவு. கிரெமருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது வேறு ஆய்வுகளுக்காக. ஆனால் துப்பாக்கி வாங்கும் அலுவலர் ஒருவர் படிக்கவேண்டிய கட்டுரை இதுவே என்பேன்.

அரசு அலுவலகங்களில் இந்த அறிவு ஏன் வேலை செய்வதில்லை? துப்பாக்கி மூலதனச் செலவு. அமைச்சர் கையெழுத்திடுவார், நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். மேகசின் நுகர்பொருள், சரக்குக் கிடங்கின் ஏதோ ஒரு தலைப்பின்கீழ் வரும். மூலதனச் செலவில் மிச்சம் பிடிக்க முடியாதபோது நுகர்பொருளில் மிச்சம் பிடிப்பார்கள். எம்16-க்கான அலுமினிய மேகசின் தொடக்கத்தில் தேய்ந்ததும் கழித்துவிடக்கூடிய பொருளாகவே எண்ணப்பட்டது. கிடங்கு அதிகாரிக்கோ எண்ணிக்கை சரியாக இருக்கவேண்டும். உதடு வளைந்த மேகசின் கழிக்கப்படுவதில்லை. வெளியே போய், திரும்பி வந்து, அடுத்த சிப்பாயின் கைக்குப் போகிறது.

எஸ்.ஏ.80-ஐச் சரிசெய்யும் பணி 2000-இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனத்திடம் தரப்பட்டது. சுமார் 2 இலட்சம் துப்பாக்கிகள், 9.2 கோடி பவுண்டு. துப்பாக்கிக்கு நானூறு பவுண்டுக்கு மேல். இங்கே வாசகர்கள் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ராயல் ஆர்ட்னன்சை வாங்கிய அதே பிரிட்டிஷ் நிறுவனக் குழுமம் 1991-இல் ஹெக்லர் அண்டு கோக்கையும் வாங்கி, 2002 வரை தன் வசம் வைத்திருந்தது. துப்பாக்கியைச் செய்து கொடுத்ததற்கும் பணம், அதைப் பழுதுபார்த்ததற்கும் பணம், இரண்டும் ஒரே குழுமத்துக்கு. ஜெர்மானியப் பொறியாளர்கள் முதல் வடிவமைப்புக்குப் பொறுப்பாளிகள் அல்லர். அவர்கள் வேலையும் நன்றாகவே இருந்தது. ஆயினும் வாங்கியவரின் பேரம்பேசும் வலிமை எந்த நிலையில் இருந்தது என்பதை இந்த ஏற்பாடு காட்டுகிறது.

அவர்கள் மாற்றிய பாகங்களின் பட்டியலில் சுடுமுள், பழைய தோட்டாக்கூட்டை இழுக்கும் கொக்கி, சுத்தியல், வாயுப் பாகங்கள் ஆகியவற்றோடு மேகசினும் இடம்பெற்றது. புதிய மேகசின் உருக்கால் ஆனது. உதடுகள் எளிதில் வளையா, சுருள்வில்லும் வலுவானது. திருத்தப்பட்ட துப்பாக்கி மதிப்புமிக்க ஒன்றாகிவிட்டது என்பதைப் பழைய விமர்சகர்களும் ஒப்புக்கொள்கின்றனர். 2002-இல் ஆப்கானிஸ்தானில் மீண்டும் புகார்கள் எழுந்தன. துப்புரவு முறையே அதற்குக் காரணம் என்று ஆய்வில் முடிவுசெய்யப்பட்டது.

உருக்கு மேகசினுக்கு வேறு குறை இருந்தது, எடை. ஒன்று வெறுமையாகவே சுமார் 250 கிராம். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் பெருஞ்சுமையுடன் நடந்த வீரர்களுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. அப்போது மேக்பல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நெகிழி மேகசினைப் பிரிட்டன் பெருமளவில் வாங்கியது. அது சுமார் 130 கிராம். பத்து மேகசின் சுமக்கும் வீரருக்கு ஒரு கிலோவுக்கு மேல் சுமை குறைந்தது. தோட்டாக்கள் எத்தனை மிஞ்சியுள்ளன என்று பார்க்கப் பக்கவாட்டில் ஒரு சாளரமும் உண்டு.

இதில் பொருளியலாளர் நின்று பார்க்கவேண்டிய இடம் ஒன்று உள்ளது. ஜெர்மனியர் திருத்திய பிரிட்டிஷ் துப்பாக்கியில் ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் மேகசின் பொருந்தியது எப்படி? எம்16-இன் மேகசின் அளவை நேட்டோவின் பொது அளவாக்க 1980-இல் ஒரு வரைவு முன்வைக்கப்பட்டது. அந்த வரைவு முறைப்படி நிறைவேற்றப்படவே இல்லை. ஆனால் நாடுகள் தாமாகவே அதைப் பின்பற்றின. நம் வீட்டு விளக்கு ஹோல்டரில் எந்த நிறுவனத்தின் பல்பும் பொருந்துவதுபோல ஒரு சந்தை உருவாயிற்று. அந்தச் சந்தையில் பலர் போட்டியிட்டதால்தான் மேகசின் மேம்பட்டது. எஸ்.ஏ.80 செய்த எத்தனையோ தவறான தேர்வுகளுக்கு நடுவே, பொதுவான மேகசின் அளவை ஏற்றதொன்று சரியான தேர்வு.

சட்டமாகாத பொது அளவு என்பதால் அதிலும் சிக்கல் இருந்தது. மேக்பல் நிறுவனத்தின் வழக்கமான நெகிழி மேகசின் எம்16 வகைத் துப்பாக்கிகளுக்கு மட்டுமே நன்கு பொருந்தியது. எஸ்.ஏ.80-இன் குழிக்குள் அது ஒழுங்காக நுழையவில்லை. ஆகவே வெளிப்புற வடிவை மாற்றி, ஏற்றுமதிக்கென்றே தனி வகை ஒன்றை அந்நிறுவனம் உருவாக்கியது. பிரிட்டன் வாங்கியது அதைத்தான். 'பொது அளவு' என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குவோருக்கு இது ஓர் எச்சரிக்கை. எந்த மேகசின் எந்தத் துப்பாக்கியில் வேலை செய்யும் என்பது செருகிப் பார்த்து, தோட்டா நிரப்பி, சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். புத்தம்புதிய ஒரு மேகசினில் மட்டும் சுட்டுப் பார்த்தாலும் போதாது. மணலில் புரண்டது, கீழே விழுந்தது, மாதக்கணக்கில் நிரப்பியே வைத்திருந்தது ஆகிய எல்லாவற்றையும் சோதிக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் இடவேண்டும். ஒரே எண் இரண்டு மூன்று முறை தகராறு செய்தால் அதைக் கழித்துவிடவேண்டும். கழிப்பதற்கு அதிகாரமும் மாற்று வாங்கப் பணமும் சிப்பாய்க்கு அருகில் இருக்கும் அலுவலரிடமே இருக்கவேண்டும்.

மாறான பாதையில் போனது பிரான்சு. எழுபதுகளின் இறுதியில் அந்நாடு ஏற்ற ஃபமாஸ் என்ற புல்பப், அதற்கே உரிய 25 தோட்டா மேகசினைக் கொண்டது. ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடுவதற்கென்று திட்டமிடப்பட்ட அம்மேகசின்கள், பணநெருக்கடியால் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டதாகச் சொல்வர். அத்துப்பாக்கிக்கு உருக்குக் கூடு கொண்ட பிரெஞ்சுத் தோட்டாதான் ஏற்றது. பிற நாடுகளின் பித்தளைக் கூட்டுத் தோட்டாவோடு அது ஒத்துப்போகவில்லை. செந்தெத்தியேனில் இருந்த தொழிற்சாலை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டபின் துப்பாக்கிக்கும் அதன் துணைப்பொருள்களுக்கும் வேறு போக்கிடம் இல்லாமல் போயிற்று. பொது மேகசின் பொருந்தும் திருத்திய வகை ஒன்று தொண்ணூறுகளில் வந்தது. அதைக் கடற்படை மட்டுமே வாங்கியது. 2016-இல் பிரான்சு ஜெர்மனியின் எச்.கே.416 துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆக் துப்பாக்கியும் தனக்கே உரிய மேகசினைத்தான் கொண்டது. ஆனால் அது தொடக்கத்திலேயே உறுதியான, உள்ளே தோட்டா தெரியும் நெகிழியில் செய்யப்பட்டது. ஆகவே பெரிய துன்பம் நேரவில்லை. தனிவழி போகலாம், ஆனால் அவ்வழியில் எல்லாவற்றையும் தானே நன்றாகச் செய்துகொள்ளும் வல்லமை வேண்டும்.

இது அயல்நாட்டார் கதை மட்டும் அன்று. 1999-இல் கார்கில் மலைகளில் நம் வீரர்கள் ஏந்திய இன்சாஸ் துப்பாக்கி புல்பப் அன்று எனினும், அதன்மீது எழுந்த புகார்களில் முதன்மையான ஒன்று கடுங்குளிரில் அதன் நெகிழி மேகசின் விரிசல் விட்டது என்பதே. 2002-இல் நம் சிறப்புப் படைகளுக்காக இஸ்ரேலின் டவோர் என்னும் புல்பப் துப்பாக்கிகள் 3,070 வாங்க ஒப்பந்தமானது. முதலில் வந்தவை இங்குள்ள பயன்பாட்டுக்கு நிறைவளிக்காமல், மாற்றங்கள் செய்யப்பட்ட பின்னரே எஞ்சியவை வந்தன. டவோர் நேட்டோ அளவு மேகசினை ஏற்பது என்பது அதன் நற்பண்பு. 2021 இறுதியில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.203 துப்பாக்கிகளை உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் தயாரிக்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அது புல்பப் அன்று. ஆனால் நம் படைகளிடம் ஏற்கெனவே இருக்கும் ஏ.கே.எம். வகை மேகசின்களை அதில் பயன்படுத்த முடியும். பழைய கையிருப்பு பயன்படும் என்பது சிக்கனம்; பழையவற்றில் தேய்ந்தவையும் புதிய துப்பாக்கியில் ஏறும் என்பது அச்சம். குறைந்த விலை கோரியவருக்கே ஒப்பந்தம் என்னும் நம் கொள்முதல் மரபில், ஒரு ரூபாய் குறைந்த சுருள்வில் எளிதாக வென்றுவிடும். துப்பாக்கிக்கு நடத்தும் கோடைக்கால, குளிர்காலச் சோதனைகளை, மேகசின் வழங்குநர் மாறும் ஒவ்வொரு முறையும் நடத்துகிறோமா என்று நம் நாடாளுமன்ற நிலைக்குழு உறுப்பினர் எவரேனும் கேட்டால் நல்லது.

பிரிட்டனில் கமாண்டோக்களுக்கு இப்போது வழங்கப்படும் துப்பாக்கி எம்16 வழிவந்த வழக்கமான வடிவினது. நியூசிலாந்தும் 2015-ஐ ஒட்டிப் புல்பப்பிலிருந்து அதே வடிவுக்கே மாறியது. பிரிட்டனின் புதிய துப்பாக்கி, எஸ்.ஏ.80-க்காக வாங்கப்பட்டு இன்னும் நல்ல நிலையில் உள்ள அதே பொது அளவு மேகசின்களை ஏற்கும். கிரேபர்ன் திட்டத்தில் தேர்வாகப்போகும் துப்பாக்கி வேறு தோட்டாவைக் கொண்டதாக அமைந்தால், அந்தக் கையிருப்பு முழுவதும் பயனற்றுப் போகும். துப்பாக்கியின் விலைப்புள்ளியோடு அந்தச் செலவையும் சேர்த்து எழுதச் சொல்வார்களா என்பது ஒப்பந்தப்புள்ளி ஆவணம் வெளிவரும்போது தெரிந்துவிடும்.